வேலை குன்றினால் குறை எங்கே? மனிதவள அதிகாரி படிக்கத்தக்க சிந்தனையாளர்கள்

கேள்வியும் அதைக் கேட்கும் உத்தியோகமும்

ஓர் ஆலையிலோ அலுவலகத்திலோ வேலை எதிர்பார்த்தபடி நடைபெறாதபோது, அதற்குக் காரணமான குறை வேலை செய்பவருடைய கையில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா, அவரை மேற்பார்ப்பவருடைய எண்ணத்தில் இருக்கிறதா, அல்லது வேலையைப் பங்கிட்டுக் கொடுத்த ஏற்பாட்டிலேயே இருக்கிறதா என்னும் கேள்வி, இயந்திரத் தொழில் தோன்றிய நாள் முதல் ஓயாமல் கேட்கப்பட்டு வருகிறது. பெர்சனல் ஆபீசர் என்றும், தொழிலாளர் நல அதிகாரி என்றும், பிற்காலத்தில் ஹெச்.ஆர். என்றும் பெயர் மாறி வந்திருக்கும் உத்தியோகஸ்தர், தம் மேஜைக்கு வரும் ஒவ்வொரு காகிதத்திலும், அது மெமோவாயினும் இன்கிரிமெண்ட் பட்டியலாயினும் ராஜினாமாக் கடிதமாயினும், இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு விடையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கையெழுத்திடுகிறார். அவ்விடை தமக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் விசாரிப்பது அபூர்வம்.

இந்த உத்தியோகம் அப்படியொன்றும் புராதனமானது அன்று. இங்கிலாந்தின் யார்க் நகரில் ரவுன்ட்ரீ கோக்கோ ஆலை 1896இல் மேரி வுட் என்ற பெண்மணியை நலப்பணியாளராக நியமித்ததும், அதே நகரில் 1913இல் நலப்பணியாளர்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டதும் இதன் தொடக்க நிகழ்ச்சிகள். இந்தியாவில் 1931இல் வெளிவந்த விட்லி கமிஷனின் அறிக்கை ஆலைகளில் தொழிலாளர் அதிகாரிகளை நியமிக்கும் யோசனையைச் சொல்லிற்று; 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 தொழிலாளருக்குக் குறையாத ஆலைகளில் நல அதிகாரி இருந்தே தீரவேண்டும் என்று விதித்தது. ஆகவே, முதலாளியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு தொழிலாளியின் க்ஷேமத்தைக் கவனிக்கவேண்டியவர் என்ற இரட்டை நிலை, இவருடைய பிறப்பிலேயே அமைந்துவிட்டது.

இவர் படிக்கவேண்டிய நிர்வாக மேதைகள் என்று தொகுக்கப்படும் பட்டியல்கள் பல, ஒவ்வொருவருக்கும் ஒரு மாலையைச் சூட்டிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிடும் இயல்புடையவை. இவர்களுள் பெரும்பாலோர் நிர்வாகியை நோக்கி எழுதினார்களேயன்றி, நிர்வாகிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்கும் இந்த மூன்றாம் மனிதரை நோக்கி எழுதவில்லை என்பதை அப்பட்டியல்கள் சொல்வதில்லை. குறை எங்கே என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் கொடுத்த விடை யாது, அது எவ்விதமான ஆதாரத்தின்மேல் நிற்கிறது, அதை மறுத்தவர் யார் என்று பார்த்தால், யாரை எவ்வளவு சிரத்தையோடு படிக்கலாம் என்பது ஓரளவு விளங்கக்கூடும்.

நியூ லனார்க்கின் நான்கு நிறக் கட்டை

ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையை 1800இல் ஏற்று நடத்தத் தொடங்கிய ராபர்ட் ஓவனிடமிருந்து இச்சரித்திரத்தைத் தொடங்குவது மரபு. மனிதனுடைய சுபாவம் அவனாக ஆக்கிக்கொண்டது அன்று, சூழ்நிலை அவனுக்கு ஆக்கிக் கொடுத்தது என்பதே அவர் சித்தாந்தம். உயிரற்ற இயந்திரத்தைத் துடைத்து எண்ணெயிட்டுப் பராமரிப்பதில் இவ்வளவு லாபம் காணும் முதலாளிகள், உயிருள்ள இயந்திரங்களைப் பராமரிப்பதில் எவ்வளவு லாபம் காணலாம் என்று அவர் 1813இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் கேட்டார். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலையில் சேர்ப்பதை நிறுத்தினார், பள்ளிக்கூடம் கட்டினார். அமெரிக்காவிலிருந்து பஞ்சு வருவது தடைப்பட்டு ஆலை நான்கு மாதம் நின்றபோது, தொழிலாளருக்கு முழுக் கூலியும் கொடுத்தார்; அதற்கு 7000 பவுனுக்குமேல் செலவாயிற்று.

அதே ஓவன் ஆலையில் மாட்டிவைத்த ஒரு சிறு பொருளை இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். இரண்டு அங்குல நீளமும் ஓர் அங்குல அகலமும் கொண்ட மரக்கட்டை அது. நான்கு பக்கங்களுக்கும் கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று நான்கு நிறம். ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் அது ஒரு கம்பியில் தொங்கும். முந்தின நாள் அவர் நடந்துகொண்ட விதம் மோசமாயின் கறுப்பும், சுமாராயின் நீலமும், நன்றாயின் மஞ்சளும், மிக நன்றாயின் வெள்ளையும் முன்பக்கம் திருப்பி வைக்கப்படும். மௌனக் கண்காணி என்று அதற்குப் பெயர். அடியும் வசவும் சர்வ சாதாரணமாயிருந்த காலத்தில், வாய் திறவாத ஒரு கட்டையால் ஒழுங்கை நிலைநாட்டியதில் ஓவன் பெருமை கொண்டார். நாள்தோறும் அந்த நிறத்தின் எண் ஒரு நடத்தைப் புத்தகத்தில் ஏறிற்று. இன்று ஆண்டுதோறும் நிரப்பப்படும் அப்ரைசல் படிவத்தின் மூதாதை இதுவென்று சொல்வது மிகையாகாது. குணம் சூழ்நிலையின் விளைவு என்று நம்பியவரே தனி மனிதனுக்கு நிறம் பூசினார் என்பதில் உள்ள முரண்பாடு, அவருக்குப்பின் வந்த எல்லோரையும் தொடர்ந்து வருகிறது.

கையும் கடிகாரமும்

குறை கையின் அசைவில் இருக்கிறது, அசைவை அளந்து திருத்தினால் வேலை பெருகும் என்ற கொள்கையோடு ஃபிரெடெரிக் டெய்லருடைய பெயர் இணைந்திருக்கிறது. 1911இல் வெளிவந்த அவருடைய நூலில் மிகவும் பேர்பெற்ற கதை, பெத்லஹேம் எஃகு ஆலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்து ரயில் பெட்டியில் ஏற்றிய ஷ்மிட் என்ற கூலியாளைப் பற்றியது. கட்டி ஒன்று 92 பவுண்டு எடை. நாளொன்றுக்கு 12½ டன் ஏற்றிக்கொண்டிருந்த வேலை, எப்போது தூக்குவது, எப்போது உட்காருவது என்று கடிகாரத்தைப் பார்த்து ஒருவர் சொல்லச் சொல்ல, 47½ டன்னாக உயர்ந்தது. கூலியோ 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட்டுக்கு உயர்ந்தது. வேலை ஏறக்குறைய நாலு மடங்கும் கூலி ஏறக்குறைய ஒன்றரை மடங்குமாக உயர்ந்த இந்தக் கணக்கை டெய்லர் தம் வெற்றியாகவே எழுதினார். வாசகர்கள் பலர் அதையே அவர்மீது குற்றச்சாட்டாகப் படித்தார்கள்.

எதிர்ப்பு காகிதத்தில் மட்டும் நிற்கவில்லை. அந்நூல் வெளிவந்த அதே ஆண்டின் ஆகஸ்டு மாதத்தில், வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில் ஸ்டாப்வாட்ச்சைக் கண்ட வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினர். விஷயம் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக்குச் சென்றது. ராணுவத் தொழிற்சாலைகளில் அக்கடிகாரத்துக்குத் தடையும் பிறந்தது. ஷ்மிட் கதையைப் பழைய ஆவணங்களோடு ஒத்துப்பார்த்த ரெஜ், பெரோனி என்ற இருவர், அது பெரிதும் ஜோடிக்கப்பட்ட கதை என்று 1974இல் வாதிட்டனர். மறுபுறம் எட்வின் லாக் 1982இல், டெய்லரின் அடிப்படை யோசனைகளிற் பெரும்பாலானவை பிற்கால ஆராய்ச்சிக்கும் நிலைத்து நிற்கின்றன என்று ஆதரித்து எழுதினார்.

டெய்லரை ஒரு வசைச்சொல்லாகப் பயன்படுத்துவோர் அவரைப் படித்தவர்களாகத் தெரியவில்லை. தொழிலாளி வேண்டுமென்றே கை தளர்த்துவதற்குக் காரணம் சோம்பல் அன்று, அவன் அதிகம் செய்தால் முதலாளி உருப்படிக் கூலியைக் குறைத்துவிடுவான் என்ற நியாயமான அனுபவமே என்று தெளிவாக எழுதியவர் அவரே. அவர் கூட்டத்தைச் சேர்ந்த லில்லியன் கில்பிரெத், அசைவை அளப்பவன் மனத்தையும் அறிந்திருக்கவேண்டும் என்று நிர்வாகத்தின் மனோதத்துவத்தைப் பற்றி 1914இல் ஒரு நூல் எழுதினார். ஆசிரியர் பெண் என்று அறியவொட்டாமல் முதலெழுத்துகளோடு மட்டும் அவர் பெயர் அட்டையில் அச்சாயிற்று.

ஹாத்தார்னும் அதன் மறுவாசிப்பும்

சிக்காகோவை அடுத்த ஹாத்தார்னில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் பெருந்தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகள், குறையைக் கையிலிருந்து மனத்துக்கு இடம் மாற்றின. விளக்கொளியைக் கூட்டியபோதும் உற்பத்தி உயர்ந்தது, கூட்டாத இடத்திலும் உயர்ந்தது. ரிலே பூட்டும் சிறு அறையில் ஐந்து பெண்களைத் தனியே உட்காரவைத்து, இடைவேளை, வேலை நேரம், கூலி முறை ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தபோதும் பெரும்பாலும் உயர்ந்தே வந்தது. தங்களை ஒருவர் பொருட்படுத்துகிறார் என்ற உணர்ச்சியும், குழுவாகச் சேர்ந்திருந்த பந்தமுமே இதற்குக் காரணம் என்ற விளக்கத்தை எல்ட்டன் மேயோ 1933இல் பரப்பினார். ரோத்லிஸ்பெர்கரும் டிக்ஸனும் 1939இல் அதைப் பெரும் நூலாக்கினார்கள். மனித உறவுப் பள்ளி என்பது இவ்வாறு பிறந்தது. குறைகேட்பும் ஆலோசனையும் தொழிலாளர் மனநிலையை அறியும் சர்வேக்களும் இதன் வாரிசுகள்.

அலெக்ஸ் கேரி 1967இல் அதே அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்துச் சொன்னது வேறு. ஐந்து பெண்களில் இருவர் ஒத்துழைக்கவில்லையென்று 1928 ஜனவரியில் அகற்றப்பட்டு, வேறு இருவர் அமர்த்தப்பட்டனர். குழுக்கூலி முறையும் புகுத்தப்பட்டது. அன்பான மேற்பார்வையின் பலன் என்று கொண்டாடப்பட்டதில், பழைய கண்டிப்புக்கும் காசுக்கும் உரிய பங்கு எவ்வளவு என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு முழுத் திருப்தியான பதில் இன்றுவரை வந்ததாகச் சொல்வதற்கில்லை.

ஆயினும் ஹாத்தார்னில் மிகுந்த சுவையுள்ள பகுதி அந்தப் பெண்களின் அறை அன்று. 14 ஆண்கள் தொலைபேசிச் சாதனங்களுக்குக் கம்பி முடுக்கிய மற்றோர் அறை. நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் ஓர் அளவை அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். அதைத் தாண்டி வேகமாக ஓடுகிறவனுடைய மேற்கையில் பக்கத்திலிருப்பவன் ஒரு குத்து விடுவான், அவ்வளவே தண்டனை. உற்பத்தி ஏறினால் ரேட்டைக் குறைப்பார்கள், அல்லது ஆளைக் குறைப்பார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆராய்ச்சியாளர்கள் இதை அனுபவத்தில் வேரூன்றாத உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டனர். ஆனால் பெருமந்தத்தில் ஹாத்தார்னிலேயே ஆட்குறைப்பு நடந்து, 1932இல் வேலையின்மையால் அந்தச் சோதனை அறையையே மூடவேண்டி வந்தது. அம்மனிதர்கள் போட்டது வெறும் உணர்ச்சியா, கூட்டல் கழித்தல் கணக்கா என்பதை மேயோவின் நூலைப் படிக்கும் ஹெச்.ஆர். அதிகாரி தாமே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

தேவைகளின் படிக்கட்டு

மனிதனுடைய தேவைகள் படிப்படியாக ஒன்றன்பின் ஒன்றாக எழும் என்ற கொள்கைக்காகப் பயிற்சி வகுப்புகளில் அதிகமாகப் படம் போட்டுக் காட்டப்படும் ஆபிரகாம் மாஸ்லோவைப் பற்றி இங்கே நீட்டி எழுத அவசியமில்லை. 1943இல் அவர் எழுதிய கட்டுரையில் அந்த முக்கோணப் படமே இல்லை. அது பின்னால் வந்தவர்கள் வரைந்தது. வாபாவும் பிரிட்வெல்லும் 1976இல் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தபோது, தேவைகள் அந்த வரிசையில்தான் எழும் என்பதற்குத் தக்க ஆதாரம் கிட்டவில்லை. மாஸ்லோவே 1962இல் கலிபோர்னியாவில் ஒரு தொழிற்சாலையில் ஒரு கோடைக்காலத்தைக் கழித்தபோது எழுதிய குறிப்புகளில், தம் கொள்கை மனநோய் சிகிச்சையில் கண்டவற்றினின்றும் பிறந்தது, அதைத் தொழிற்சாலைக்கு இவ்வளவு உறுதியாகப் பொருத்தலாமா என்று கவலைப்பட்டிருக்கிறார். அக்கவலையைச் சீடர்கள் பகிர்ந்துகொள்ளவில்லை.

ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பர்க் பிட்ஸ்பர்க் வட்டாரத்தின் 203 என்ஜினீயர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டு, 1959இல் ஒரு முடிவைச் சொன்னார். சம்பளம், மேற்பார்வை, வேலையிடத்து வசதி முதலியவை குறைந்தால் அதிருப்தி வரும், நிறைந்தாலும் ஊக்கம் வராது. ஊக்கம் வேலையின் உள்ளிருந்தே வரவேண்டும் என்பது அது. இம்முறையில் உள்ள பலவீனம் எளிதில் புலப்படும். நல்லது நடந்ததைச் சொல் என்றால் மனிதன் தன் திறமையைச் சொல்வான். கெட்டது நடந்ததைச் சொல் என்றால் கம்பெனியைச் சொல்வான். இதைக் குறித்து விக்டர் வ்ரூம் முதலியோர் எழுப்பிய ஆட்சேபம் வலுவானது.

இந்த அணியில் சிரத்தையோடு படிக்கத்தக்கவர் டக்ளஸ் மக்கிரிகர் என்பது இக்கட்டுரையின் அபிப்பிராயம். 1960இல் வெளிவந்த அவருடைய நூல் குறையைத் தொழிலாளியிடமிருந்து எடுத்து மேலாளருடைய அனுமானத்தில் வைத்தது. மனிதன் வேலையை வெறுப்பவன் என்று நம்புகிற மேலாளர் அதற்கேற்ற விதிகளை இயற்றுகிறார், அவ்விதிகளுக்கு உட்பட்டவன் அவர் நம்பியபடியே நடந்துகொள்கிறான், நம்பிக்கை உறுதிப்படுகிறது. அந்நம்பிக்கைக்கு எக்ஸ் கோட்பாடு, அதற்கு எதிரானதற்கு ஒய் கோட்பாடு என்று அவர் இட்ட பெயர்களே ஊரெங்கும் பரவினவன்றி, இந்தச் சுழல் அவ்வளவாகப் பரவவில்லை. அதற்கு மூன்றாண்டு முன்னர் அவர் அப்ரைசலைப் பற்றி எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது. மேலாளர்கள் அந்தப் படிவத்தைத் தட்டிக் கழிப்பது சோம்பலாலோ பயிற்சிக் குறைவாலோ அன்று. சக மனிதனுடைய தகுதிக்குத் தீர்ப்பளிக்கும் தெய்வ ஸ்தானத்தில் உட்கார மனம் கூசுவதால்தான் என்றார் அவர். ஒரு கல்லூரியின் தலைவராக ஆறாண்டு இருந்து வெளியேறியபோது, தலைவர் ஆலோசகராகவே இருந்துவிடலாம், அதிகாரம் செலுத்துவதைத் தவிர்த்துவிடலாம் என்று தாம் எண்ணியது பிழை என்று ஒப்புக்கொண்டதும் அவர்தான். தம் கொள்கையின் எல்லையைத் தாமே அனுபவித்து எழுதியவர் இத்துறையில் அதிகம் இல்லை.

ஏற்பாட்டின்மேல் விழுந்த பழி

குறை கையிலும் இல்லை, மனத்திலும் இல்லை, வேலையைப் பங்கிட்ட முறையில் இருக்கிறது என்ற கட்சிக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று லண்டனின் டாவிஸ்டாக் நிலையம். அங்கே எரிக் டிரிஸ்ட் என்பவரும், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்ஃபோர்த் என்பவரும் 1951இல் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதினர். இரண்டு மூன்று பேர் கூடி ஒரு முகப்பில் வெட்டுவது முதல் அள்ளுவது வரை எல்லாவற்றையும் தாங்களே செய்துவந்த பழைய முறை போய், இயந்திரம் வந்தபின் மூன்று ஷிஃப்ட்டுகளாக வேலை துண்டாடப்பட்டது. ஒரு ஷிஃப்ட் அரைகுறையாக விட்டுப்போன இடைஞ்சல் அடுத்த ஷிஃப்ட்டின் தலையில் விழுந்தது. பகையும் பழிபோடுதலும் வேலைக்கு வராமையும் பெருகின. இயந்திரத்தை அமைத்தவர், மனிதர் ஒருவரையொருவர் நம்பியிருந்த அமைப்பைக் குலைத்ததை உணரவில்லை என்பது அவர்கள் கண்டது.

இக்கொள்கை சோதிக்கப்பட்ட பேர்பெற்ற இடங்களுள் ஒன்று அகமதாபாத். சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகளை நிறுவியும், எதிர்பார்த்த துணி வரவில்லை. டாவிஸ்டாக்கைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953இல் அங்கே வந்து பார்த்தபோது கண்ட காட்சி சுவையானது: நெய்பவர், நாடாவுக்கு நூற்கதிர் நிரப்புபவர், பாவு மாட்டுபவர், எண்ணெயிடுபவர், துணி சுமப்பவர் என்று ஒரு டஜன் விதமான வேலைக்காரர் தறிகளுக்கிடையே உலவினார்கள், ஒவ்வொருவருக்கும் தறிக் கணக்கு வேறு. ஒருவருக்குத் துணை செய்பவர் அதே வேளையில் வேறு பலருக்கும் துணை செய்யவேண்டியவர். ஆதலால் இது எங்கள் தறி, இவர்கள் எங்கள் ஆட்கள் என்று சொல்ல ஒருவராலும் இயலவில்லை. குறிப்பிட்ட தறிகளுக்குக் குறிப்பிட்ட சிறு குழு என்ற யோசனை தோன்றியதுமே, தொழிலாளரும் மேற்பார்வையாளரும் அதைத் தாங்களே கைப்பற்றிக்கொண்டு, யார் யார் எந்தக் குழு என்பதையும் தங்களுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். ஆரம்பத் தடுமாற்றத்துக்குப்பின் உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது என்று 1958இல் ரைஸ் நூலாக எழுதினார். எரிக் மில்லர் 1970இல் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, சில இடத்தில் அந்த முறை நிலைத்திருந்தது, வேறு சில இடத்தில் பழையபடி கரைந்துபோயிருந்தது. நல்ல ஏற்பாடு ஒருமுறை செய்தால் போதுமா, அதைச் சுற்றியுள்ள வியாபார நெருக்கடிகள் மாறும்போதெல்லாம் புதுப்பிக்கவேண்டுமா என்பதற்கு, வெற்றியைச் சொல்லும் முதல் நூலைவிட இந்தப் பின்னாளைய அறிக்கையே அதிகம் கற்பிக்கிறது.

மற்றோர் ஊற்று புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங். அவருடைய கருத்தரங்குகளில் ஒரு விளையாட்டு நடக்கும். பெட்டி நிறைய மணிகள். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு, மற்றவை வெள்ளை. 50 குழிகள் கொண்ட ஒரு துடுப்பை உள்ளே விட்டு எடுக்கவேண்டும். சிவப்பு மணி வந்தால் பழுது. சபையிலிருந்து அழைக்கப்பட்ட ஆறு பேர் மாறி மாறி எடுப்பார்கள். ஒருவருக்கு ஏழு வரும், ஒருவருக்குப் பதினான்கு வரும். டெமிங் மேஸ்திரியாக நின்று, குறைவாக எடுத்தவருக்குச் சபாஷ் போடுவார், அதிகமாக எடுத்தவரைக் கண்டிப்பார், கடைசியில் சிலரை வேலையைவிட்டு நீக்குவார். சபை சிரிக்கும். முந்தின நாள் அலுவலகத்தில் அதே காரியத்தைச் செய்துவிட்டுத்தான் அவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள் என்பது சற்று நேரம் கழித்தே உறைக்கும். வருடாந்தர மதிப்பெண்ணை நிர்வாகத்தின் கொடிய நோய்களுள் ஒன்றாக டெமிங் எண்ணியதன் காரணம் இதுவே. ஆனால் குறைகளில் 94 சதவிகிதம் அமைப்பைச் சார்ந்தது என்ற அவர் கணக்கு அனுபவ மதிப்பீடேயன்றி, அளந்து கண்டது அன்று. மணி எடுப்பதில் திறமைக்கு இடமில்லை, நோயாளியைப் பார்ப்பதிலும் மென்பொருள் எழுதுவதிலும் இடமுண்டு. ஓபாயிலும் அகினிஸும் 2012இல், பல துறைகளில் மிகச் சிலரே மிகப் பெரும் பங்கைச் செய்து முடிக்கிறார்கள் என்று டெமிங்குக்கு எதிர்த்திசையில் போகும் முடிவுகளை வெளியிட்டார்கள். அதை மறுத்தவர்களும் உண்டு.

இரு தரப்பு என்று ஒப்புக்கொண்டவர்கள்

இதுவரை சொன்ன எல்லோரும், குறையைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டால் முதலாளியும் தொழிலாளியும் ஒரே நோக்குடையவர்களாகிவிடுவர் என்று வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ நம்பினார்கள். அப்படி நம்பாதவர்களும், நம்பிக்கையை வேறு விதமாக வைத்தவர்களும் ஹெச்.ஆர். மேஜையில் அபூர்வமாகவே காணப்படுகிறார்கள். அவர்களே அங்கே முதலில் இருக்கவேண்டியவர்கள்.

மேரி பார்க்கர் ஃபாலெட் பாஸ்டன் நகரத்துச் சமூகப் பணியிலிருந்து வந்தவர். 1925இல் நியூயார்க்கில் நிர்வாகிகளுக்கு நிகழ்த்திய சொற்பொழிவுகளால் இத்துறைக்குச் சொந்தமானார். மோதல் என்பது நோய் அன்று, வேற்றுமை வெளிப்படும் விதம். அதைத் தீர்க்க அடக்குதல், விட்டுக்கொடுத்தல், இணைத்தல் என மூன்று வழிகள் உண்டு என்றார். அவர் காட்டும் ஓர் உதாரணம்: சரிவில் அமைந்த ஒரு பால் நிலையத்தில், மேட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களும் பள்ளத்திலிருந்து ஏறி வருகிறவர்களும், கேன்களை யார் முதலில் இறக்குவது என்று சண்டையிட்டுக் கூட்டுறவே உடையும் நிலை வந்தது. ஆளுக்கொரு நாள் என்றால் அது விட்டுக்கொடுத்தல். மேடையின் இடத்தையே மாற்றி, இரு சாராரும் ஒரே நேரத்தில் இறக்கும்படி செய்தார்கள், அது இணைத்தல். கட்டளை மனிதனிடமிருந்து பிறக்கக்கூடாது, நிலைமையிலிருந்து பிறக்கவேண்டும் என்பதும், ஒருவர்மேல் செலுத்தும் அதிகாரம் வேறு, ஒருவரோடு சேர்ந்து உண்டாக்கும் அதிகாரம் வேறு என்பதும் அவர் வகுத்த வேறுபாடுகள். அவர் 1933இல் மறைந்தார். அதற்குப்பின் பல ஆண்டுகள் மறக்கப்பட்டார்.

எல்லா மோதலும் இணைப்பில் முடியும் என்று ஃபாலெட் சொல்லவில்லை. ஒரே பெண்ணை மணக்க விரும்பும் இருவருக்கு இணைப்பு இல்லை என்று அவரே எழுதினார். கூலிப் பேச்சு எந்த வகையைச் சேர்ந்தது என்பதுதான் அவர் வாசகர்களைப் பிரிக்கும் இடம். போனஸ் பத்து சதவிகிதமா இருபது சதவிகிதமா என்ற மேஜையில், எந்த மேடையை எங்கே நகர்த்துவது?

அந்த மேஜையைப் பற்றி நிர்வாக நூல்களைவிடத் தொழிற்சங்க நூல்கள் அதிகம் சொல்லும். சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் தம்பதிகள் 1897இல் எழுதிய நூல், கூட்டுபேரத்தைத் தொழில் உலகின் ஜனநாயகமாகக் காட்டியது. சென்னையில் 1918 ஏப்ரலில், பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்னின்று, பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு.வி.க.வின் துணையோடு சென்னைத் தொழிற்சங்கத்தை நிறுவினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஆலை நிர்வாகம் வாடியாவின்மீது வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு பெற்றது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கிளர்ச்சிக்கு அது ஒரு காரணமாகி, 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி கோலியது. இது நிர்வாகச் சிந்தனை வரலாற்றில் இடம் பெறுவதில்லை. ஆனால் இந்தியாவில் தொழிலாளர் அதிகாரி என்ற பதவி எந்தச் சூழ்நிலையில் பிறந்தது என்பதை அறிய வேறு வழியும் இல்லை.

இவ்விரு உலகங்களையும் இணைத்துப் பார்க்கும் கண்ணாடியை 1966இல் ஆலன் ஃபாக்ஸ் பிரிட்டிஷ் அரசாங்கக் கமிஷன் ஒன்றுக்கு எழுதிய ஆய்வில் தந்தார். தொழிற்சாலையை ஒரே குடும்பமாகக் காண்பவருக்குச் சங்கம் ஒரு விஷமியின் வேலையாகத் தோன்றும்; பல தரப்பினர் கூடிய ஒரு சிறு ராஜ்யமாகக் காண்பவருக்கு அது இயற்கையான கட்சியாகத் தோன்றும். நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று சுவரில் எழுதி வைக்கும் வழக்கத்தின் பொருளை இதைவிடச் சுருக்கமாக விளக்கியவர் இல்லை. பின்னர் 1974இல் ஃபாக்ஸ் தம்மையே மறுத்து, பல தரப்பு என்று சொல்லும்போது தரப்புகள் சமபலமுடையவை என்ற தோற்றம் வந்துவிடுகிறது, அது மெய்யன்று என்று எழுதினார். நியூஜெர்சி தொலைபேசிக் கம்பெனியின் தலைவராயிருந்த செஸ்டர் பர்னார்டு, 1938இல் தம் அனுபவத்திலிருந்து வேறொரு முனையைத் தொட்டார்: உத்தரவின் அதிகாரம் அதை இடுபவரிடம் இல்லை, ஏற்பவரிடம் இருக்கிறது. நடை கரடுமுரடானது; ஆயினும் அந்த ஒரு கருத்துக்காகவே அவரைப் படிக்கலாம்.

துறை தன்னையே விசாரித்தது

பீட்டர் டிரக்கர் 1954இல் எழுதிய நூலில், பெர்சனல் நிர்வாகம் திவாலாகிவிட்டதா என்று ஓர் அத்தியாயத்துக்கே தலைப்பிட்டார். குமாஸ்தா வேலையில் ஒரு பங்கு, வீட்டுப் பராமரிப்பில் ஒரு பங்கு, சமூக ஊழியத்தில் ஒரு பங்கு, சங்கத் தகராறு மூளாமல் தீயணைப்பதில் ஒரு பங்கு என்று சேர்த்துக் கட்டிய மூட்டை அது என்பது அவர் பரிகாசம். இலக்கு வைத்து நிர்வகித்தல் என்று அந்நூலில் அவர் வகுத்த முறையை உலகம் எடுத்துக்கொண்டது. அதோடு சேர்த்து அவர் சொன்ன சுயகட்டுப்பாடு, அதாவது இலக்கை எட்டினோமா என்று தொழில் செய்பவரே தம்மைப் பார்த்துக்கொள்ளுதல் என்ற பாதியை மேலாளர்கள் பெரும்பாலும் கைவிட்டார்கள். மிஞ்சியது மற்றொரு நிறக் கட்டை.

இந்தியாவில் இத்துறை வேறொரு வழியில் விரிந்தது. அகமதாபாத்தின் துணி ஆலை ஆராய்ச்சிக் கழகத்தில் தொழிலாளர் மனோதத்துவத்தை ஆராய்ந்த கமலா சௌதரி, பின்பு அந்நகரின் மேலாண்மைக் கழகத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரானார். உதய் பரீக்கும் டி. வி. ராவும் 1970களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்கு அளித்த யோசனையின்மேல், மனிதவள மேம்பாட்டுக்கென்று தனித் துறை அங்கே அமைந்தது. தண்டிக்கும் கையும் வளர்க்கும் கையும் ஒன்றாயிருக்கலாகாது என்பது அந்த ஏற்பாட்டின் உட்கருத்து. துறையின் பெயர் நாடெங்கும் பரவிய வேகத்தில் இப்பிரிவினை பரவவில்லை.

டேவ் அல்ரிக் 1997இல் ஹெச்.ஆருக்கு நான்கு வேடங்களை வகுத்தார். நிர்வாகத்தின் கூட்டாளியாகவும் ஊழியரின் வக்கீலாகவும் ஒருவரே இருக்கவேண்டும் என்பது அவற்றில் இரண்டு. பிறப்பிலேயே வந்த இரட்டை நிலைக்கு நல்ல பெயர் சூட்டியதேயன்றி அதைத் தீர்த்ததாகத் தோன்றவில்லை. கரென் லெக் 1978லும் 1995லும் எழுதிய இரு நூல்களில், இத்துறையின் சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தூரத்தை அளந்தார். அவற்றைப் படித்தவர்கள் அல்ரிக்கைச் சற்று நிதானமாகவே படிப்பார்கள்.

தீராதவை

மூன்று விஷயங்கள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. நல்ல ஹெச்.ஆர். முறைகளால் கம்பெனிகள் செழிக்கின்றனவா, செழித்த கம்பெனிகளே அம்முறைகளுக்குச் செலவிட முடிகிறதா என்பது முதலாவது. மார்க் ஹுஸலிட் 1995இல் ஏறத்தாழ ஆயிரம் நிறுவனங்களை ஆராய்ந்து முறைகளுக்கும் லாபத்துக்கும் தொடர்பு உண்டு என்று காட்டினார். பாட்ரிக் ரைட்டும் துணைவர்களும் 2005இல், அத்தொடர்பு பின்னால் வரும் லாபத்தோடு மட்டுமன்றி முன்பே வந்துவிட்ட லாபத்தோடும் இருக்கிறது என்று கண்டு, காரணம் எது, காரியம் எது என்ற ஐயத்தை எழுப்பினார்கள். கணக்கு இன்னும் முடியவில்லை.

இரண்டாவது, வேலையின் ஏற்பாட்டைத் திருத்தும் அதிகாரம் பற்றியது. டிரிஸ்டும் ரைஸும் டெமிங்கும் சொல்வது மெய்யானால், ஹெச்.ஆர். அதிகாரி செய்யவேண்டிய முதல் வேலை தறிக்கொட்டகையிலும் கணக்குப் பிரிவிலும் வேலை எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது. அந்த அதிகாரம் அவரிடம் தரப்படுவது மிகக் குறைவு. ஆளை எடுக்கவும் அனுப்பவும் மட்டுமே அவருக்குக் கை நீளும். ஆதலால் குறை ஏற்பாட்டில் இருக்கிறதென்று அறிந்தும், ஆளிடம் இருப்பதாகவே எழுதவேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு நேர்கிறது.

மூன்றாவது அந்த மதிப்பெண். மக்கிரிகரும் டெமிங்கும் வெவ்வேறு காரணங்களால் அதை நிராகரித்தபின்னும் அது ஒழியவில்லை. ஒழித்துப் பார்த்த நிறுவனங்களிலும், இன்கிரிமெண்ட் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. ஓவன் தம் சுயசரிதையில் இதைச் சார்ந்த ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். தனக்கு இட்ட நிறம் அநியாயம் என்று எண்ணும் தொழிலாளி எவரும், எண் புத்தகத்தில் ஏறுமுன் நேரே தம்மிடம் வந்து முறையிடலாம் என்று அவர் உரிமை கொடுத்திருந்தார். அப்படி வந்தவர்கள் மிகமிகச் சிலரே என்கிறார். நிறங்கள் நியாயமாக இருந்தபடியால் வரவில்லையா, வந்து பயனில்லை என்று கருதி வரவில்லையா என்பது நடத்தைப் புத்தகத்தில் எழுதப்படவில்லை.